என் ஒற்றை நட்சத்திரத்தைத் திருப்பித் தாருங்கள்

சாப்பாடு கொண்டுவந்து தரும் செயலியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம்.

நான் அனுப்பிய ஐந்து மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. நீங்கள் அனுப்பிய ஐந்து பதில்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்பதால் ஒன்றை வாசித்தாலே போதும்: என் கருத்து உங்களுக்கு மிகவும் முக்கியமாம், ஆனால் அதை மாற்றுவதற்கான காலம் முடிந்துவிட்டதாம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்ற துணிவில், இந்த ஆறாவது கடிதத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை இரவொன்றில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு பஸ் தரிப்பிடம் தள்ளியிருக்கும், ஹக்கா எனப்படும் இந்தியச் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு நான் போட்ட ஒற்றை நட்சத்திரத்தையும் அதன் கீழ் எழுதிய ஒற்றை வரியையும் நீக்கிவிடுங்கள்.

"ஆறிய சாப்பாடு, அக்கறையில்லாத கடை" என்று எழுதியிருந்தேன். முன்பாதி உண்மை. பின்பாதி பொய். எழுதியபோது அது பொய்யென்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அது என் பெயரில் அங்கேயே கிடப்பதால், இப்போது நான் தெரிந்தே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நீங்கள் உடந்தையாக இருக்கிறீர்கள் என்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும், ஆகவே சொல்லவில்லை.

அன்றிரவு பனி கொட்டியது. சில்லி சிக்கன், ஹக்கா நூடில்ஸ், சிக்கன் பகோடா, எல்லாமாக 38 டொலர். ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்த கடதாசிப் பையின் அடி நனைந்து, குழம்பு வழிந்து, பகோடா ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. பசியில் இருப்பவனிடம் கருத்துக் கேட்பதைவிடப் பொல்லாத காரியம் வேறில்லை. நீங்கள் கேட்டீர்கள். பை கைக்கு வந்த மறுநிமிடமே கைப்பேசியில் ஐந்து நட்சத்திரங்களைக் காட்டி, எத்தனை என்று கேட்டீர்கள். பத்து விநாடியில் நான் பதில் சொன்னேன். முறைப்பாட்டுப் பெட்டியையும் தட்டினேன். 38 டொலரும் திரும்பி வந்தது. "நல்ல நிறுவனம்" என்று வீட்டில் சொன்னதும் நினைவிருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து, பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை குளிருக்கு ஒதுங்க அந்தக் கடைக்குள் போனேன். பல தடவை அங்கிருந்து சாப்பாடு எடுப்பித்திருந்தாலும் உள்ளே காலடி வைத்தது அன்றுதான். ஆளுக்கு ஆள் இடித்துக்கொள்ளும் அளவு இடம். முன்மேசையில் மூன்று செயலிகளின் மூன்று சிறு திரைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் கத்திக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு தட்டு. அதில் பற்றுச்சீட்டுக் குத்திய ஏழு பைகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி, இடைக்கிடை திரும்பி அந்தப் பைகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. ஒரு பையைத் தொட்டவர் உதட்டைப் பிதுக்கினார். அதைப் பிரித்து உள்ளே கொடுத்து ஏதோ சொன்னார். தாச்சி மறுபடியும் அடுப்பில் ஏறும் சத்தம் கேட்டது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"ஆறிவிட்டது. சாரதி இன்னும் வரவில்லை. இரண்டாவது தடவை செய்கிறோம்."

"அதற்கு யார் காசு தருவார்கள்?"

கேள்வி அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கற்றைக் கடதாசியை எடுத்துக் காட்டினார். நீங்கள் அவர்களுக்கு அனுப்பும் கணக்குகள். மகன் அச்சடித்து வைத்திருக்கிறான். வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்தது, கழிக்கப்பட்டது. திருப்பிக் கொடுத்தது, கழிக்கப்பட்டது. மூன்றாவது தாளில் அந்த வெள்ளிக்கிழமைத் திகதி இருந்தது. சில்லி சிக்கன், ஹக்கா நூடில்ஸ், சிக்கன் பகோடா. என் பெயரின் முதற்பாதியும் இருந்தது. சமைத்து முடித்த நேரம் 7.12. சாரதி எடுத்த நேரம் 8.20.

நீங்கள் எனக்குத் தந்ததாக நான் நினைத்திருந்த 38 டொலரை அவர்கள் கணக்கிலிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள். அவர்கள் சமைத்தார்கள், காத்திருந்தார்கள், காசையும் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் ஒற்றை நட்சத்திரமும் கொடுத்தேன்.

அது நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நூடில்ஸ் வாங்கினேன், மேசையில் இருந்த பேணிக்குள் ஐந்து டொலரைப் போட்டேன், வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே உங்களுக்கு முதலாவது மின்னஞ்சலை எழுதினேன். கோழைத்தனம்தான். ஆனால் அந்தக் கோழைத்தனத்தைத் தீர்க்கும் வழி உங்கள் கையில் இருக்கிறது, ஐயா. அந்த நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

சாரதியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பனியில் ஒரே பயணத்துக்குள் இத்தனை கடை, இத்தனை வீடு என்று அவரை அலையவிட்டது உங்கள் கணினி. அவர் தாமதித்ததற்குச் சமைத்தவருடைய நட்சத்திரம் ஏன் குறைய வேண்டும்? சாப்பாட்டுக்கு ஒரு கேள்வி, கொண்டுவந்ததற்கு ஒரு கேள்வி என்று பிரித்துக் கேட்டு, தனித்தனியாகவே கணக்கு வையுங்கள். வழி முழுவதும் என் சாப்பாடு எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று படம் போட்டுக் காட்டத் தெரிந்த உங்களுக்கு, அது 68 நிமிடம் கடைத் தட்டில் கிடந்தது மட்டும் தெரியாமல் போகுமா?

ஒரு நட்சத்திரம் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். அதன் விலை என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஹாவர்ட் வணிகப் பள்ளியின் மைக்கல் லூக்கா, 2011 இல் சியாட்டில் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளையும் யெல்ப் என்ற இணையக் கருத்துத் தளத்தின் மதிப்பீடுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஒரு நட்சத்திரம் கூடினால் கடையின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுவதைக் கண்டார். சங்கிலிக் கடைகளில் அந்த விளைவு இல்லை; தனிக் கடைகளில்தான். பெரிய பெயர்ப்பலகை உள்ளவனை நட்சத்திரம் ஒன்றும் செய்யாது. நான்கு பஸ் தரிப்பிடம் தள்ளியிருப்பவரைத்தான் அது தாக்கும். இந்தத் தொழிலில் செயலிகள் கடைகளிடம் கேட்கும் தரகு 30 சதவீதம் வரை போகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 டிசம்பரில், உள்ளே இருத்திச் சாப்பாடு கொடுக்கத் தடையிருந்த இடங்களில் அதை 20 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் ஒன்ராறியோ அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. சும்மா போடவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கடைக்கு மற்றவர்கள் எழுதிய கருத்துகளை எல்லாம் உட்கார்ந்து வாசித்தேன். நீங்களும் ஒருநாள் வாசித்துப் பாருங்கள். ஒருவருக்கு உறைப்புக் காணாது. அதே நாளில் அதே சில்லி சிக்கனைச் சாப்பிட்ட இன்னொருவருக்கு வாய் எரிந்துவிட்டது. ஒருவர் திங்கட்கிழமை போய், கடை பூட்டியிருந்ததற்காக ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்; திங்கள் விடுமுறை என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. ஒருவர் வாகனம் நிறுத்த இடமில்லை என்கிறார். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "இன்னும் சாப்பிடவில்லை" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். இவை எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, தசமப்புள்ளி வைத்து ஓர் எண்ணைத் தருகிறீர்களே, அது எதனுடைய அளவு?

அஜினோமோட்டோவால் தலையிடி வந்தது என்று இரண்டு பேர். 1968 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றுக்கு ஒரு மருத்துவர் எழுதிய சிறு கடிதத்தில் கிளம்பிய கதை அது. அந்தக் கடிதம்கூட சோயா சோஸா, சமையல் வைனா, உப்பா என்று பலதைச் சந்தேகித்ததே தவிர, இதுதான் என்று தீர்த்துச் சொல்லவில்லை. அஜினோமோட்டோவில் இருக்கும் அதே குளூட்டமேட் தக்காளியிலும் முற்றிய சீஸிலும் இயற்கையாகவே இருக்கிறது. பீட்சா சாப்பிட்டுத் தலையிடித்தது என்று யாரும் இத்தாலியன் கடைக்கு நட்சத்திரம் குறைத்ததை நான் பார்த்ததில்லை.

இன்னொருவர், "இது உண்மையான சீனச் சாப்பாடு அல்ல" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். உண்மைதான். இது கல்கத்தாவின் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழில் செய்த ஹக்காச் சீனரின் சாப்பாடு. சோயா சோஸும் பச்சைமிளகாயும் ஒரே தாச்சியில் சந்தித்துக்கொண்ட இடம். மஞ்சூரியனும் மஞ்சூரியாவிலிருந்து வரவில்லை. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975 இல் மும்பாயில் செய்தது என்றுதான் சொல்வார்கள். 1962 இல் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் வந்தபோது, சீன முகம் என்ற ஒரே குற்றத்துக்காக ஏறக்குறைய 3,000 பேரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்துவைத்தார்கள். 1996 இல் தோல் தொழிற்சாலைகளை நகரத்திலிருந்து வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக நடக்க, போனவர்களில் பலர் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஒரு பெட்டியோடு இதே ஊரில் வந்திறங்கிய எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. உப்பும் மிளகும் மட்டும் தெரிந்த ஊரில் எங்கள் நாக்குக்கு ஏற்ற உறைப்போடு வெளிச்சாப்பாடு கொடுத்தவர்கள் அவர்கள். "உண்மையான" என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களை அளக்க யாரால் முடியும்?

விலகிப் போகிறேன், மன்னிக்கவும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடையில் குழம்புக்கு உப்புக் கூடினால் முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வோம். அவர் சண்டை பிடிப்பார், அல்லது ஒரு கரண்டி சொதி அதிகம் ஊற்றுவார். இரண்டில் எது நடந்தாலும், அவருக்குப் பதில் சொல்ல ஓர் இடம் இருந்தது. இங்கேயும் நகரச் சுகாதாரப் பரிசோதகர் ஆண்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று தடவை நேரில் வருகிறார், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைப் பார்க்கிறார், பிழை கண்டால் திருத்தச் சொல்கிறார், மறுபடி வந்து பார்க்கிறார். அந்தக் கடையின் கண்ணாடியில், பரிசோதனையில் தேறியதற்கான பச்சை அறிவித்தல் தொங்குகிறது. உங்கள் நட்சத்திரமோ யாரும் வராமலே விழுகிறது, விழுந்தால் எழும்புவதில்லை. போட்டவனே வந்து, "பிழையாகப் போட்டுவிட்டேன், எடுங்கள்" என்று கெஞ்சினாலும் எடுபடாத நட்சத்திரம் வானத்தில்கூட இல்லை.

அந்த அம்மா சொன்ன ஒன்று இன்னும் மனதில் கிடக்கிறது. திங்கட்கிழமைகளில், கடை பூட்டியிருக்கும் நாளில், மகன் அந்தக் கிழமைக் கருத்துகளை அவருக்கு வாசித்துக் காட்டுவானாம். "சிலவற்றை வாசிக்காமல் தாண்டிவிடுவான். எனக்குத் தெரியும். விரல் வேகமாகப் போகும்." என்னுடையதை அவன் வாசித்தானா, தாண்டினானா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே, தயவுசெய்து மூன்று காரியங்கள். அந்தக் கடையின் கணக்கிலிருந்து கழித்த 38 டொலரைத் திருப்பிக் கொடுங்கள். வேண்டுமானால் என் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கமாட்டேன். இனிமேல் சமைத்தவரின் நட்சத்திரத்தையும் கொண்டுவருபவரின் நட்சத்திரத்தையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டும், சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும் என்று சொல்வீர்கள், காத்திருக்கிறேன். மூன்றாவதற்கு எந்தக் கூட்டமும் தேவையில்லை. போட்டவன் நான். வேண்டாமென்று சொல்பவனும் நான். என் நட்சத்திரத்தை நீக்கிவிடுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஸ்காபரோப் பாவனையாளன் ஒருவன்

பின்குறிப்பு: கடந்த ஐந்து தடவையும் உங்கள் பதில் வந்த ஒரு மணித்தியாலத்துக்குள், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சல் வந்தது. இந்தத் தடவை அதை அனுப்ப வேண்டாம்.