சித்தப்பா, போர்த்தோவிலிருந்து நடங்களேன்

அன்புள்ள சித்தப்பா,

ஸ்பெயினில் புனித யாக்கோபின் தேவாலயம் இருக்கும் சாந்தியாகோவுக்கு யாத்திரை நடக்க நாள் குறித்துவிட்டீர்கள் என்று சித்தி சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் உங்கள் 25 நாள் கணக்கு உதைக்கிறது. நீங்கள் நினைத்திருக்கும் பிரெஞ்சுப் பாதை மலையடிவாரத்து சான் ஜானிலிருந்து கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். அதை 25 நாளில் முடிப்பதென்றால் தினமும் 31 கிலோமீட்டர், ஒரு நாள்கூட ஓய்வில்லாமல். சாதாரணமாக ஐந்து வாரம் ஆகும்.

அதிலும் முதல் நாளே பிரனீஸ் மலை. ஏற்றம் பரவாயில்லை, மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். உச்சியைத் தாண்டி ரொன்செஸ்வயேஸுக்கு இறங்கும்போதுதான் முட்டி அழும். உங்கள் இடது முட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வடக்குக் கடலோரப் பாதை 800 கிலோமீட்டரைத் தாண்டும். ஏறி இறங்கியே பொழுது போய்விடும். ஒவியேதோவிலிருந்து கிளம்பும் பாதை 320தான், ஆனால் முழுக்க மலை. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

போர்த்துகல் வழியே போங்கள். போர்த்தோவிலிருந்து உள்நாட்டுப் பாதை சுமார் 240 கிலோமீட்டர். தினம் 20 என்றால் 12 நாள். நடுவில் இரண்டு நாள் காலை நீட்டிப் படுத்தாலும், சாந்தியாகோவைத் தாண்டிக் கடல் வரைக்கும், ஃபினிஸ்தேரே முனைக்கு இன்னொரு 90 கிலோமீட்டர் நடக்க நாள் மிச்சமிருக்கும். பொன்தி தி லிமா என்ற ஊருக்கு அப்புறம் லப்ரூஜா என்று ஒரு கல்லும் கரடுமான ஏற்றம் உண்டு. அன்று மட்டும் விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள். போர்த்துகல்-ஸ்பெயின் எல்லையில் மின்யோ ஆற்றுப் பாலம். பாலத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே என் கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னால் தாவியது. ஸ்பெயின் வந்துவிட்டது என்று அப்படித்தான் தெரிந்தது.

குறுகிய பாதை என்றால் சான்றிதழ் கிடைக்காதோ என்று யோசிக்காதீர்கள். 100 கிலோமீட்டர் நடந்திருந்தாலே தருவார்கள். யாத்திரை அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்க மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

2027-க்குத் தள்ளிப்போடலாமா என்று கேட்டீர்களாம். புனித யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் அது புனித ஆண்டு. விசேஷம்தான், ஆனால் யாத்ரீகர் விடுதிகளில் படுக்கைக்கு அடிபிடி இருக்கும்.

அப்புறம் ஷூ. நான் புத்தம்புது ஜோடியோடு போய் மூன்றாம் நாளே இரண்டு நகம் கறுத்துப்போனவன். அரை அளவு பெரிதாக இப்போதே வாங்கிப் பழக்குங்கள். விமான டிக்கெட் போட்டாயிற்றா? போட்டிருந்தால் போர்த்தோவுக்கு மாற்ற எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.