அந்தத் தொடக்கத்தை நீயே வாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் குரல் பதிவை நேற்று காலை அடுப்படியில் நின்றபடியே கேட்டேன். இங்கே காலை ஆறரை என்றால் உனக்கு முந்தின ராத்திரி பத்து மணி. பேச்சில் பாதி தூக்கக் கலக்கம், பாதி அழுகை. போனில் பேசினால் நானும் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடுத்த மாதம் நீ மேடையில் வாசிக்க வேண்டியது, அர்ஜென்டினாவின் டாங்கோ இசையில் ஆஸ்டர் பியாசோலா போட்ட ‘அடியோஸ் நோனினோ’. அதன் தொடக்கத்தில் வரும் பியானோத் தனியை நீயே கற்பனை செய்து வாசித்துக் காட்டியிருக்கிறாய். உன் ஆசிரியர், இதில் ஜாஸ் வாடைதான் அடிக்கிறது, டாங்கோவைக் காணோம் என்று சொல்லிவிட்டார். அதே பதிவை ஜாஸ் படிக்கும் உன் சிநேகிதிக்கு அனுப்பினால், இது டாங்கோ மாதிரிதானே இருக்கிறது என்கிறாள். இந்த இரண்டு பேச்சையும் கேட்டுவிட்டு, பியாசோலாவின் பியானோக்காரர் பாப்லோ சீக்லர் வாசித்ததை யாரோ சுரம் சுரமாக எழுதி வைத்திருக்கிறார்கள், அதையே பிசகாமல் வாசித்துவிட்டு வந்துவிடட்டுமா என்று என்னைக் கேட்கிறாய்.

வேண்டாம் பாப்பா. சீக்லரை நான் எவ்வளவு விரும்பிக் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து மத்தியான வேலை முடிந்ததும் எனக்கு அவர் வாசிப்புதான். சீக்லர் 1944-இல் நீ இருக்கும் அதே புவெனஸ் ஐரிஸில் பிறந்தவர். சின்ன வயதிலேயே முறையாகப் பியானோ கற்று, பிறகு ஜாஸ் பக்கம் போனவர். 1978-இல் ஆஸ்டர் பியாசோலா தன் ஐவர் குழுவை மறுபடி சேர்த்தபோது பியானோவுக்கு அவரைக் கூப்பிட்டார். அப்போது சீக்லருக்கு 33, 34 வயது இருக்கும். டாங்கோவிலேயே ஊறிய பியானோக்காரர்களுக்கு அந்த ஊரில் பஞ்சமா? இருந்தும் அவர் கூப்பிட்டது ஜாஸ் கையை. அந்தக் கையோடு பத்து வருஷம், 1988 வரைக்கும் வாசித்தார்.

பியாசோலாவுக்கு இது சும்மா வந்த யோசனை இல்லை. 1955-இலேயே தன் எண்மர் குழுவில் ஹொராசியோ மால்விசினோ என்கிற ஜாஸ் கிதார்க்காரரைச் சேர்த்து, டாங்கோவுக்கு நடுவே கற்பனையாக வாசிக்க இடம் கொடுத்தார். மின் கிதாரைக் கண்டதுமே டாங்கோ ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 1958-இல் குடும்பத்தோடு நியூயார்க் போய், பிழைப்புக்காக ஜாஸையும் டாங்கோவையும் சேர்த்து ‘டேக் மி டான்ஸிங்’ என்று ஓர் இசைத்தட்டு போட்டார். எடுபடவில்லை. அதை நினைத்துப் பிற்பாடு அவரே கூசினார். நீ அதை ஒரு தடவை கேள். அமெரிக்கக்காரர்களுக்குத் தெரிந்த மெட்டுகளை எடுத்து மேலே டாங்கோவைத் தடவியது மாதிரி இருக்கும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. இத்தனை பெரிய மேதைக்கே முதல் தடவை அப்படித்தான் வந்தது. நீ மூன்று வாரத்தில் வரவில்லையே என்று அழுகிறாய்.

அதே நியூயார்க் காலத்தில்தான், 1959-இல், அவர் அப்பா இறந்துபோனார். நோனினோ என்பது அவரைக் குடும்பத்தில் கூப்பிட்ட பெயர். நியூயார்க்கில் சின்னப் பையனாக இருந்த பியாசோலாவுக்கு அடகுக் கடையிலிருந்து முதல் பண்டோனியோனை, துருத்தி வைத்த அந்த டாங்கோ வாத்தியத்தை, வாங்கிக் கொடுத்தவர் அந்த அப்பாதான். மகன் கச்சேரிக்காகப் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த சமயம், அர்ஜென்டினாவிலிருந்து தகவல் வந்தது. ஊருக்குப் போய்ச் சேர வழியில்லை. நியூயார்க் திரும்பி, என்னைத் தனியே விடுங்கள் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது இந்தப் பாட்டு இருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தத் துடிப்பான, வெட்டி வெட்டிப் போகும் பகுதி இருக்கிறதே, அது புதிதில்லை. 1954-இல் பாரிஸில் படிக்கும்போது, அப்பா உயிரோடு இருந்த நாளில், அவருக்காக ‘நோனினோ’ என்று ஒரு டாங்கோ போட்டிருந்தார். அதிலிருந்து எடுத்தது. அந்த நீளமான, மெதுவான மெட்டுதான் சாவுக்குப் பிறகு வந்தது. ஆக, ஒரே பாட்டில் அப்பா இருந்த காலமும் இல்லாத காலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நீ வாசிக்கப் போகும் தனி இந்த இரண்டுக்கும் முன்னால் வருகிறது. மற்ற நாலு பேரும் சும்மா இருப்பார்கள், பியானோ மட்டும் பேசும்.

அந்தத் தனியை முதன்முதலில் பெரிதாக வாசித்தவர் டான்டே அமிகரெல்லி, 1969-இல் வந்த பதிவில். அது பியாசோலா எழுதிக் கொடுத்தது. சீக்லர் வந்தபிறகு அந்த இடம் அவர் கைக்குப் போனது. 1984-இல் மான்ட்ரியல் ஜாஸ் விழாவில் வாசித்ததையும், 1987 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். ஒரே ஆள், ஒரே பாட்டு. ஆனால் உள்ளே போகிற வழி வேறு வேறு. அந்த மெதுவான மெட்டின் துண்டுகள் அங்கங்கே தலைகாட்டி மறையும், சட்டென்று பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் ஒரு ஜாஸ் கோர்ட் திறக்கும், அப்புறம் மறுபடி இருட்டு. செத்தது சீக்லரின் அப்பா இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கதவுக்கு வேறு சாவி தேடியிருக்கிறார். அப்படி ஒரு ராத்திரி தேடியதை ஏட்டில் பார்த்து நீ வாசித்தால், விரல் அவருடையதாக இருக்கும். தேடல் யாருடையது? அதற்காகவா இத்தனை தூரம் போயிருக்கிறாய்?

சரி, இப்போது உன் ஆசிரியர் பக்கம் வருகிறேன். கோபப்படாதே. அவர் சொன்னது முழுக்கத் தப்பில்லை.

உன் பதிவை ஐந்து தடவை கேட்டேன். முதல் அரை நிமிடம் மனசைப் பிடித்து இழுக்கிறது. அப்புறம் வலது கை பறக்க ஆரம்பித்ததும் இடது கையைக் காணோம். கோர்டை அமுக்கிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறாய். கூடவே வலது கையின் சுரங்கள் ஜாஸில் வருவது மாதிரி ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று ஆட ஆரம்பித்துவிடுகின்றன. ஜாஸ் வாடை என்று அவர் சொன்னது இந்த ஆட்டத்தைத்தான் இருக்கும். உன் கோர்டுகளைப் பற்றி அவர் குறை சொன்னதாக நீ சொல்லவே இல்லையே.

டாங்கோவில் பெரும்பாலும் டிரம்ஸ் கிடையாது, நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். பியானோவின் இடது கையும், பெரிய வயலின் மாதிரி நிற்கும் பாஸும்தான் அங்கே தாளவாத்தியம். அடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கீழ்ச் சுரங்களிலிருந்து உருட்டி இழுத்துக்கொண்டு வந்து அடியில் விழுகிறார்களே, அர்ராஸ்ட்ரே என்று நீ வீடியோவில் காட்டினாயே, கனமான மேஜையைத் தரையில் இழுப்பது மாதிரி, அதை ஒரு தடவை கேட்டாலே எந்த ஊர் இசை என்று தெரிந்துவிடுகிறது. சீக்லர் வலது கையில் எவ்வளவு தூரம் போனாலும், குழுவோடு வாசிக்கும்போது அந்த இடது கை ஊரை விட்டு நகராது. சுரங்கள் சமமாக, நேராக நிற்கும். அழுத்தம் மட்டும் இடம் மாறும்: மூன்று, மூன்று, இரண்டு.

இது உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை பாப்பா. தகிட தகிட தக. ஐந்து வயதில் திண்ணையில் தாத்தா மடியில் உட்கார்ந்து அவர் தொடையில் நீ தட்டியது அதுதானே. மிருதங்கத்தைக் கற்றுப் பாதியில் விட்ட வருத்தத்தையெல்லாம் அவர் உன் கையில்தான் தீர்த்துக்கொண்டார். நீ ‘தக’ வரும்போது அவசரப்படுவாய், அவர் உன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவார். இப்போதும் அவசரப்படுகிறாய். பதிவில் கேட்கிறது.

மார்ச்சில் அவர் போனபோது உன்னை வராதே என்று சொன்னது நான்தான். இரண்டு நாள் பயணம், எப்படியும் முகம் பார்க்க முடியாது, கிளம்பாதே என்றேன். அன்றைக்கு அதுதான் சரி என்று பட்டது. இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உன்னிடம் இதை நேரில் சொல்லவும் இல்லை. இத்தனை பாட்டு இருக்க இந்தப் பாட்டை நீ ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அதனால் என் யோசனை இது. சீக்லர் வாசித்ததை எழுதி வைத்த அந்தத் தாளை எடு, தப்பே இல்லை. ஒரு வாரம் அதை வைத்துப் பழகு. எந்த இடத்தில் மெட்டைக் காட்டுகிறார், எங்கே மறைக்கிறார், இடது கை எப்போது சும்மா இருக்கிறது என்று குறித்துக்கொள். அப்புறம் தாளை மூடி வைத்துவிடு. பத்து நாள் இடது கையை மட்டும் தனியாக வாசி, வலது கை மடியில் இருக்கட்டும். அவருடைய ‘ஜாஸ் டாங்கோ’ என்ற மூவர் பதிவையும் கேள். பியானோ, பண்டோனியோன், கிதார், அவ்வளவுதான். பாஸும் இல்லை, டிரம்ஸும் இல்லை, ஆனால் தாளம் ஓர் இடத்திலும் தொய்யவில்லை. 2018-இல் அதற்கு லத்தீன் ஜாஸ் பிரிவில் கிராமி கிடைத்தபோது அவருக்கு 73 வயது. 2005-இல் டாங்கோ பிரிவில் லத்தீன் கிராமி வாங்கியவரும் இவரேதான். இவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பரிசு கொடுப்பவர்களே மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். உன்னை ஒரு பதிவை வைத்து இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதற்கா சாப்பிடாமல் படுத்தாய்?

அந்தக் குளிரில் வெறும் காபியும் ரொட்டியுமாக நாளை ஓட்டாதே. சோறு வடித்துக்கொள். பருப்புப் பொடி இன்னொரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன், வந்துசேர எத்தனை நாள் ஆகுமோ.

வீட்டுப் பியானோவைப் போன வாரம் ஸ்ருதி கூட்ட ஆள் வந்தார். எல்லாம் சரி செய்தார், நடுவில் அந்த ஒரு கட்டை மட்டும் அழுத்தினால் எழும்ப மறுக்கிறது. தாத்தா நாற்காலியை அதன் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், நகர்த்தவில்லை.

தனி முழுசாக வரவில்லை என்றாலும் பரவாயில்லை, இடது கைப் பயிற்சியையாவது பதிவு செய்து சனிக்கிழமை ராத்திரி அனுப்பு. தப்பு வந்த இடத்தை வெட்டாதே. ஞாயிறு ஆறரைக்கு நானும் அப்பாவும் எழுந்து காபி போட்டுக்கொண்டு காத்திருப்போம்.

அன்புடன்,
அம்மா