நான்கு வாரத்துக்குள் ஒரு வாய்தாகூட வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்ததிலிருந்து, பட்டம் வாங்கிய பிறகு வரும் அந்த மூன்று ஆண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சட்டம் படிக்கும்போதே மாணவர்கள் கட்டாயமாக முடிக்க வேண்டிய பயிற்சி என்ன கதியில் இருக்கிறது என்று கேட்பார் இல்லை. நான் வழக்கறிஞர் அல்லன். 1988 முதல் வக்கீல் குமாஸ்தா. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது என் மேசையின் முன்னால்தான்.

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் பயிற்சி எடுக்க வேண்டும். ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு ஆகியவற்றின் விசாரணையை நேரில் பார்த்துக் குறிப்பெழுத 30 மதிப்பெண். கட்சிக்காரரிடம் விவரம் கேட்பதைக் கவனித்து எழுதுவதற்கும் பயிற்சி நாட்குறிப்புக்கும் சேர்த்து இன்னொரு 30. மாதிரி நீதிமன்ற வாதத்துக்கு 30. வாய்மொழித் தேர்வுக்குப் 10. விதியை எழுதியவர்கள் மேல் எனக்குக் குறையில்லை.

பயிற்சிக்கு எப்போது வருகிறார்கள் என்று பாருங்கள். கல்லூரிக்கு விடுமுறை விட்டதும் மே மாதம் வருகிறார்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கும் கோடை விடுமுறை! குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இயங்கும். அவசர மனுக்களை விடுமுறைக் கால நீதிமன்றம் பார்க்கும். மற்றபடி வளாகத்தில் டீக்கடைக்காரர்கூடப் பாதி நாள்தான் கடை திறப்பார். கோடையில் கீழமை நீதிமன்றத்தில் வக்கீல்களுக்கே கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று விதி இருக்க, கோட்டும் டையுமாக வேர்த்துக்கொண்டு நிற்பது இந்தப் பிள்ளைகள் மட்டும்தான். டிசம்பரில் வந்தாலோ பாதியில் கிறிஸ்துமஸ் விடுமுறை குறுக்கிடும்.

இன்னொரு விதி, ஓர் ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்கிறது. ஒரே இடத்தில் முடங்காமல் பல இடங்களைப் பார்க்கட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் சிவில் வழக்கில் சம்மன் போய்ப் பிரதிவாதி கைக்குச் சேர்ந்து, பிரதிவாதி வக்கீல் வைத்து, எதிருரை தாக்கலாகவே மாதங்கள் ஆகும். நான்கு வாரம் இருக்கிறவர் பார்ப்பது ஒரு வழக்குக் கட்டின் ஏதோ ஒரு பக்கத்தைத்தான். அதுவும் ஒழுங்காக வருகிறவருக்கு. பலர் முதல் நாள் முகம் காட்டுவார்கள், கடைசி நாள் லெட்டர்பேடில் சான்றிதழ் வாங்க வருவார்கள். நடுவில் உள்ள நாட்களுக்கான நாட்குறிப்பை, இணையத்தில் வழக்குப் பட்டியலைப் பார்த்து ஒரே இரவில் எழுதிவிடலாம். கையெழுத்துப் போடும் வக்கீல் படித்துப் பார்ப்பதில்லை. மதிப்பெண் போடுகிறவராவது பார்க்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

குறை சொல்வது மட்டும் என் நோக்கமில்லை. இந்தப் பயிற்சியில் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். அண்மையில் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கோர்ட் வேலைநாட்களில் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த அபூர்வப் பெண். அன்று நாங்கள் தாக்கல் செய்த பிராது (வழக்கு மனு) ஒன்று, வழக்கு எண் கிடைக்காமல் குறைகளைச் சரிசெய்யச் சொல்லி ரிட்டன் ஆகியிருந்தது. 'படித்துப் பாரம்மா' என்று கட்டை அவரிடம் கொடுத்தேன். கோர்ட் அலுவலகம் மூன்று குறை எழுதியிருந்தது. சொத்து விவரத்தில் நான்கு எல்லை இல்லை. வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான சங்கதி, எழுந்த தேதி விடுபட்டிருக்கிறது. மூன்றாவதுதான் விஷயம்: வாதியின் உரிமையைப் பிரதிவாதி மறுப்பதாகப் பிராதிலேயே சொல்லியிருக்க, பிரதிவாதியைத் தடுக்கும் வெறும் உறுத்துக்கட்டளைக்கு, உரிமைத் தகராறு இல்லாத வழக்குபோல நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 27(இ) பிரிவில் மதிப்பிட்டது எப்படி?

அந்தப் பெண்ணுக்கு 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அனாதுல சுதாகர் வழக்குத் தீர்ப்பு தலைகீழ்ப் பாடம். உரிமை தகராறில் இருக்கும்போது சொத்து தன்னுடையது என்று அறிவிக்கும் விளம்புகையைக் கேட்காமல் வெறும் உறுத்துக்கட்டளை எப்போது கேட்கலாம், எப்போது கூடாது என்று பத்தி பத்தியாகச் சொன்னார். தான் சொல்லிக்கொண்டிருப்பதும் கையில் இருக்கும் ரிட்டன் தாளும் ஒரே சங்கதி என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வாதியின் உரிமையை மறுத்து எதிர்த்தரப்பு அனுப்பிய பதில் நோட்டீசை எடுத்துக் காட்டினேன். பிறகு கணக்குப் போட்டோம். உரிமை மறுக்கப்பட்டிருப்பதால், நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம் என்றால் அதில் பாதிக்கு நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். 2017-இல் கட்டண விகிதத்தை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டதால் 15,000 ரூபாய். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் கரிசல் காட்டுச் சம்சாரி. அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. இப்போது என்ன செய்வது? வக்கீல் ஐயாவும் அந்தப் பெண்ணும் சாயங்காலம் வரை அதைப் பேசினார்கள். அன்றைய நாட்குறிப்பு ஒன்றரைப் பக்கம் வந்தது, யாரையும் பார்த்து எழுதாமல்.

மாதிரி நீதிமன்றப் போட்டிகளை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் உச்ச நீதிமன்றத்தில் அரசியல் சட்டம் பேசிப் பழகுகிறார்கள். பட்டம் வாங்கி வந்தபின் செய்ய வேண்டியிருப்பது செக் கேஸ், ஜீவனாம்ச மனு, பாகப்பிரிவினை. நகல் மனு எழுதவோ, சம்மன் அனுப்பப் பேட்டா கட்டவோ தெரியாததால் எத்தனை ஜூனியர்கள் முதல் ஆறு மாதத்தில் கூனிக்குறுகி நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அரசு சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் பாடு இன்னும் சிரமம். டெல்லிக்கோ சென்னைக்கோ போய் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சி எடுக்க எல்லா வீட்டிலும் வசதி இல்லை. சொந்த ஊர் கோர்ட்தான் அவர்களுக்குக் கதி. அதை மட்டமாக நினைக்கும்படி யாரோ சொல்லியும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பெரிய ஐயா காலத்தில் பட்டத்துக்குப் பிறகு சீனியரிடம் இருந்து கோர்ட்டைக் கற்றுக்கொண்டு, தேர்வும் எழுதிய பிறகுதான் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள முடியும். 1973-இல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். 1995-இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது; அதற்கு அதிகாரம் இல்லை என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போது இருப்பது நூறு கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும் அகில இந்தியத் தகுதித் தேர்வு. ஆக, கோர்ட்டுக்குள் கால் வைக்க வைக்கும் ஒரே கட்டாயம் படிப்புக் காலப் பயிற்சிதான்.

பல்கலைக்கழகமும் பார் கவுன்சிலும் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. மே மாதத்துக்குப் பதிலாக ஜூலையிலோ செப்டம்பரிலோ கோர்ட் வேலை நாட்களில் பயிற்சிக்கு நாள் ஒதுக்குங்கள். தொடர்ந்து நான்கு வாரம் என்பதோடு, கடைசி இரண்டு ஆண்டும் மாதம் ஒரு நாள் சொந்த ஊர் கோர்ட்டுக்கு வந்து ஒரே வழக்கின் வாய்தாக்களைப் பின்தொடரவும் வழி செய்யுங்கள். பயிற்சியில் ஒரு வாரமாவது வழக்கு தாக்கல் செய்யும் இடத்திலும் நகல் பிரிவிலும் கழியட்டும். வாய்மொழித் தேர்வு நடத்துகிறவர் நாட்குறிப்பின் அட்டையைப் பார்த்துவிட்டு மூடாமல், நீ பின்தொடர்ந்த வழக்கின் எண் என்ன, கடைசி வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்தது எதற்காகப் போட்டிருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்கட்டும். இரவோடு இரவாக எழுதிய நாட்குறிப்பு இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் குமாஸ்தா ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.