ஸ்டேங்கர் எந்த ஊரோடு சேர்த்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஸ்டேங்கரில் விடிவதற்கு முன்பே டாக்ஸி நிறுத்தத்தில் வரிசை கட்டி நிற்கிறார்கள். நம்மவர்களும் சூலு மக்களுமாகப் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில்தான். பிழைப்பு உம்லாங்காவிலும் டர்பனிலும். வரைபடத்திலோ வழியில் இருக்கும் டொங்காட் ஊரைத் தாண்டியதுமே டர்பனின் எத்தெக்வினி மாநகராட்சி முடிந்துவிடுகிறது. நாங்கள் க்வாடுகுசா நகராட்சி, இலெம்பே மாவட்டம்.

நகராட்சி எல்லை வகுக்கும்போது வேலைவாய்ப்பு, அன்றாடப் பயணம், முக்கியப் போக்குவரத்துத் தடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு எல்லை வகுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவே சொல்கிறது. அமெரிக்காவில் இதற்கு ஓர் அளவுகோலே உண்டு. ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) குடியிருந்து வேலைக்குப் போகிறவர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் பெருநகரத்தின் மையக் கவுண்டிகளில் வேலை பார்த்தால் அதையும் அந்தப் பெருநகரப் பகுதியில் சேர்த்துவிடுவார்கள். அது புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான், உள்ளூர் நிர்வாகம் கலைவதில்லை.

எங்களை எத்தெக்வினியோடு இணையுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2022 வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட்காரர்கள் தண்ணீருக்குப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள்! எல்லைக்கோடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சரி. பஸ் நேரத்தையும் டிக்கெட்டையும் பற்றியாவது இரண்டு நகராட்சிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசக்கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்டேங்கர்