கப்பு எங்கே என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் சொந்தங்களுக்கு வணக்கம்.

என் மகனின் முதல் கார் பந்தய சீசன் முடிந்து ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் தோளில் இருக்கும் படகு எஞ்சினை இறக்கி வைக்கும் முன்பே கேட்பது ஒன்றுதான்: "கப்பு எங்கேண்ணே?"

கப்பு இல்லை. எட்டுப் பந்தயங்களில் ஆறை ஓட்டி முடித்தான். ஆக நல்ல இடம் ஒன்பதாவது. திருவிழா முடிந்ததும் வரவு செலவு எழுதிக் கோவில் சுவரில் ஒட்டுவோம் இல்லையா, அதே மாதிரி நீங்கள் கொடுத்தது எல்லாம் எங்கே போனது என்று எழுதிவிடுகிறேன். நன்றியும் அதிலேயே வந்துவிடும்.

இதற்கெல்லாம் விதை போட்டவர் சென்னையில் இருக்கும் என் மச்சான். 2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி நடக்க இருந்த எஃப்4 (ஃபார்முலா 4) கார் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். அது 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தபோது இவனைக் கூட்டிப்போய்க் காட்டினார். நாம் பஸ்ஸில் போகிற சாலையில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், ஒருவர் மட்டும் உட்காரும் கார்கள். திரும்பி வந்தவன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எஃப்4 ஓட்ட 15 வயது ஆனால் போதும், ஆனால் அந்தச் செலவு நம் கைக்கு எட்டாது. அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது, ஃபார்முலா எல்ஜிபி. மாருதி ஸ்விஃப்ட் எஞ்சினை வைத்துக் குழாய்ச் சட்டத்தில் கட்டிய கார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதால் காசு உள்ளவன் பெரிய எஞ்சின் போட்டு ஜெயிக்க முடியாது. அதுதான் எனக்குப் பிடித்தது.

ஓடிய இடம் கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. கரி என்றதும் அடுப்புக்கரியா என்று கேட்டார் அப்பத்தா. கரிவரதன் என்பவரின் பெயர் அது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி, நம் நாட்டுப் பையன்களுக்கு இந்த விளையாட்டைக் கைக்கெட்டும்படி செய்த மனுஷன், 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அந்த வகைக் காரில் தொடங்கித்தான் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். நம் பாம்பன் சாலைப் பாலத்தை வளைத்து மடக்கித் தரையில் போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பயிற்சிக் கட்டணம் கட்டியது மல்லிகை நாற்று. சித்தி பதியன் போட்டு வளர்த்து விற்ற பணத்தை மஞ்சள் பையோடு கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிப் பார்க்கக் கூட விடவில்லை. போட்டி உரிமத்துக்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டபோது டாக்டர் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்கள். ஐஸ் கம்பெனி முதலாளி டயருக்குக் கொடுத்தார். கருவாட்டுக் கடை மதினி பெட்ரோலுக்கு என்று கொடுத்தது இருநூறு ரூபாய். அதையும் கணக்கில் எழுதியிருக்கிறேன். பெரிய தொகை தருவதாகச் சொல்லிவிட்டு முதல் பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்னால் போனை எடுக்காமல் போனவர் ஒருவரும் உண்டு. பெயர் வேண்டாம், அவருக்கு என்ன கஷ்டமோ.

தையல்கடை அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பந்தய உடை ஒன்று வாங்கியிருந்தோம், தீப்பிடிக்காத துணி. இடுப்பு தொளதொள. பிடித்துத் தையுங்கள் என்று கொடுத்தேன். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "துணி எரியாது சரி, என் நூல் எரியுமே" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குரிய நூல் வரும்வரை ஊசி போட மாட்டேன் என்று மூன்று வாரம் வைத்திருந்தார். அவரிடம் கோபப்பட்டேன். மன்னிக்க வேண்டும் அண்ணே.

முதல் பந்தயத்தில் சிவப்பு விளக்கு அணைந்ததும் கிளட்ச்சைப் பட்டென்று விட்டு எஞ்சினை அணைத்துவிட்டான். மெக்கானிக் மகன்! இன்னொரு நாள் மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் ஒருவனை முந்திவிட்டான். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. நேரத் தண்டனை போட்டு எட்டாவது இடத்திலிருந்து பதின்மூன்றாவதுக்குத் தள்ளினார்கள். நியாயமான தண்டனைதான். அப்பத்தாதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் மங்களமான நிறம், அதைக் காட்டி எப்படிப் பிள்ளையைத் தண்டிக்கலாம் என்கிறார். அந்த வெயிலில் சம்பளத்துக்கு இல்லாமல் ஆசைக்காக நாள் முழுக்கக் கொடி பிடித்து நின்ற மார்ஷல் பிள்ளைகளுக்கும் என் நன்றி. இவன் சுழன்று புல்லில் நின்றபோது முதலில் ஓடி வந்தது அவர்கள்தான்.

இப்போது மூக்கு கதை.

மூன்றாவது கட்டத்தில், முதல் வளைவிலேயே, பிரேக்கைத் தாமதமாக மிதித்து முன்னால் போன காரின் பின்சக்கரத்தில் முட்டினான். காரின் குழாய்ச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கத்தை மேலே மூடியிருக்கும் ஃபைபர் மூக்கு இரண்டாகப் பிளந்துவிட்டது. புது மூக்கின் விலையைக் கேட்டேன். ஒரு விசைப்படகு கடலுக்குப் போய் வருகிற டீசல் காசு. அடுத்த கட்டத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "எங்க ஊர்ல ஃபைபர் வல்லம், அதான் மீன்பிடி படகு, கட்டுறவங்க இருக்காங்க, கொண்டுபோய் ஒட்டிட்டு வரவா?" என்று டீம் மேனேஜரிடம் கேட்டேன். சிரித்தார். அப்புறம், "பரிசோதனையில தேறினா போட்டுக்கங்க" என்றார்.

வேன் மேலே வலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ராத்திரியோடு கிளம்பினோம். பரமக்குடியில் டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "எந்தக் கோவில் வாகனம்ணே இது?" என்றார். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று அதைத் தூக்கப் பார்த்தது. ஓரமாக நிறுத்தி இறக்கி, நாங்கள் மூன்று பேர் மடியில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு கடலைக் கடந்தோம்.

ஃபைபர் பட்டறை மாமா அதைத் தடவிப் பார்த்த விதம் இருக்கிறதே, கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. "வல்லத்து அணியம், அதான் முன்மூக்கு, அது மாதிரிதானே மாப்ளே. தண்ணியக் கிழிக்கிறதுக்குப் பதிலா இது காத்தக் கிழிக்குது" என்றார். பிளந்த ஓரத்தை வெட்டி எடுத்து, தேய்த்து, ஃபைபர் மேட் விரித்து, அதை ஒட்டி இறுக்கும் ரெசின் பூசினார். ஈரக் காற்றில் சரியாக இறுகாது என்று உச்சி வெயிலில் மட்டும்தான் வேலை. நான்கு அடுக்கு போடுவேன் என்றார், பாறையில் ஏறினாலும் உடையாதாம். எடை கூடக் கூடாது, இரண்டு போதும் என்றேன். ஒரு மணி நேரம் வழக்காடி மூன்றில் முடிந்தது. பிறகு தேய்த்துத் தேய்த்து அந்த மூன்றாவதில் பாதியை அவரே எடுத்துவிட்டார். வெள்ளைப் பெயிண்ட் பொருந்தவில்லை. இருந்தது படகுக்கு அடிக்கிற நீலம்தான். காசு வாங்கவில்லை. உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், தன் வல்லத்தின் பெயரை மார்க்கரால் எழுதிக் கொடுத்தார்.

பரிசோதகர் அதைத் தட்டினார், அழுத்தினார், எடை பார்த்தார். தேறியது. அந்த நீல மூக்கோடு ஓடித்தான் ஒன்பதாவது இடம் வந்தது. பிட்டில், அதாவது கார்களைச் சரிபார்க்கும் இடத்தில், இருந்த மற்ற மெக்கானிக்குகள் வந்து, யார் செய்தது என்று கேட்டார்கள்.

என் கடன் அதிகம் இருப்பது படகுக்காரர்களிடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உங்கள் எஞ்சின்களை இறக்கி வேலை பார்த்து வந்த காசில்தான் இந்த சீசனே. ஆனால் தடை முடிந்த பிறகு நான் அடிக்கடி கோவைக்குப் போய்விட்டேன். பட்டறையைப் பையன்கள் இரண்டு பேர்தான் பார்த்துக்கொண்டார்கள், நன்றாகவே பார்த்தார்கள். இருந்தாலும் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாஸில் கிடைக்காமல் ஒருவருக்கு ஒரு நாள் தொழில் போனது. அவர் சண்டை போடவில்லை. "தம்பி ஓட்டுனானா, அத சொல்லு" என்றார். அண்ணே, அந்த எஞ்சினுக்கு வேலைக் கூலி கிடையாது.

கழுத்துக்கும் தோளுக்கும் பலம் வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னபோது விடிகாலையில் இவனைக் கரைவலை இழுக்கச் சேர்த்துக்கொண்டீர்களே, கோவையில் இவனிடம் எந்த ஜிம் என்று கேட்டார்களாம். இவன் பாம்பன் ஜிம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அடுத்த வருஷம் ஓடுவானா என்று இப்போது சொல்ல முடியாது. பிளஸ் டூ தேர்வு முடியட்டும் என்று தலைமை ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். லீவு கொடுத்த அவருக்கு அதையாவது செய்ய வேண்டும். வரவு செலவு நோட்டு பட்டறை மேசையில் இருக்கிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம். இரவல் வாங்கிய கழுத்துக் கவசத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நீல மூக்குக்குப் பதிலாக டீமுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டு இதைக் கேட்டு வாங்கி வந்துவிட்டோம். மாமாவின் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஹெல்மெட் என் பட்டறையில்தான். பிள்ளைகள் வந்து போட்டுப் பார்க்கலாம். கீழே மட்டும் போட்டுவிட வேண்டாம், ஒரு தடவை பலமாக விழுந்தால் அப்புறம் அதை நம்பித் தலையில் மாட்ட முடியாது.

இப்படிக்கு,
உங்கள் எஞ்சின் பட்டறைக்காரன்,
தங்கச்சிமடம்