காசிமேட்டில் ஒரு வாரம் உட்காரட்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

நலத்திட்டங்களை நடத்தும் உயர் அதிகாரிகளுக்கு முசோரியில் பயிற்சி, மத்திய அரசின் கர்மயோகி தளத்தில் ஆன்லைன் பாடம் எல்லாம் இருக்கிறது, சரி. அதோடு ஒரு வாரம் காசிமேட்டில் முதியோர் பென்ஷன் பணம் கொடுக்கும் இடத்தில் உட்கார வைத்தால் என்ன? வருஷக்கணக்கில் மீன் வெட்டித் தேய்ந்த விரல், மெஷினில் ரேகை விழாது. பாட்டி முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார், கடைசியில் "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். மெஷின் வைத்திருக்கும் பையனைத் திட்டி என்ன பயன், ரேகை விழாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை மேலே இருப்பவர் அல்லவா அவனுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்?

1995-ல் வந்த தேசிய சமூக உதவித் திட்டத்தில், 60 முதல் 79 வயது வரையுள்ள முதியோருக்கு மத்திய அரசின் பங்கு இன்னும் மாதம் 200 ரூபாய்தான். (மாநில அரசு மேலே போட்டுத் தருவதால் ஏதோ ஓடுகிறது.) அதற்கும் இந்த அலைச்சல்.

அப்புறம், பயிற்சி முடிவில் பரீட்சை வைப்பதாக இருந்தால், நிராகரித்த மனு ஒன்றைக் கையில் கொடுத்து, ஏன் நிராகரித்தோம் என்பதை அந்தப் பாட்டிக்குப் புரிகிற தமிழில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை