ஆடு காணாமப் போன கதைய கேக்கறதுக்கும் ட்ரெயினிங் குடுங்க

கொங்கு நாட்டுல புது போலீஸ்காரங்கள தயார் பண்ற ஆபீஸருங்க, ட்ரில் மாஸ்டருங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

நான் கோயமுத்தூர்ல பேக்கரி வெச்சிருக்கறவன். காலங்காத்தால அவினாசி ரோட்டுல பி.ஆர்.எஸ்.ங்கற போலீஸ் ட்ரெயினிங் பள்ளி மைதானத்த தாண்டித்தான் கடைக்கு போறது, பசங்க பரேடு பண்றத பாத்தா வண்டிய ஸ்லோ பண்ணாம போக மனசு வராது. என்ற மாமன் மகன் ஒருத்தனும் ரெண்டாம் நிலைக் காவலர் ட்ரெயினிங் முடிச்சுட்டு வந்தவன்தானுங்க. 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடோணுமேன்னு எங்கூர் குளத்து மேட்டுல வருஷம் பூரா ஓடுனான், வேப்பமரத்துல கயிறு கட்டி ஏறி ஏறி உள்ளங்கை தோலெல்லாம் உரிஞ்சு கெடந்தான். ட்ரெயினிங் முடிச்சு ஊருக்கு வந்தப்ப சோறு திங்க உக்காந்தா கூட முதுகு வளையல, அம்மிச்சி "ஏஞ்சாமி, பலகைய முழுங்கிட்டு வந்துட்டியா"ன்னு சிரிச்சாங்க. அந்த மட்டுக்கும் உங்க வேலைல குறையே இல்லீங்க.

நான் சொல்ல வந்தது வேறங்க.

போன ஐப்பசில எங்க அப்புச்சியோட ரெண்டு வெள்ளாடு ராத்திரியோட ராத்திரியா பட்டில இருந்து போயிருச்சு. ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போனேன், எந்த ஸ்டேஷன்னு வேண்டாம். மேஜைல இருந்தது சின்னப் பையன், புதுசு. அப்புச்சி கதைய எங்க இருந்து ஆரம்பிச்சாருன்னா, மழை பேஞ்சது, ஒறம்பரை வந்திருந்தது, நாயி கொலைக்கவே இல்ல, அதுல இருந்து. பையன் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "பெருசு, விஷயத்த சொல்லு, உங்க தோட்டம் எங்க லிமிட்டே இல்ல"ன்னுட்டான். அவரு துண்டத் தோள்ல இருந்து எடுத்து கைல சுருட்டிட்டு பேசாம வெளிய புளியமரத்தடிக்கு போயிட்டாருங்க. அப்பறம் ஒரு ஏட்டையா வந்து பக்கத்துல உக்காந்து, ஆடு என்ன நெறம், காதுல வெட்டு எந்தப் பக்கம், நாயி கொலைக்கலீன்னா தெரிஞ்ச ஆளா இருக்குமோன்னு ஒண்ணொண்ணா கேட்டாரு பாருங்க! பையன் குப்பைன்னு நெனச்ச பேச்சுலதான் அவருக்கு துப்பே கெடச்சுது. புகார வாங்கிக்கிட்டதுக்கு குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீதும் கையோட வாங்கிக் குடுத்தாரு.

அந்தப் பையன் கெட்டவன் இல்லீங்க, கேக்கறதுக்கு அவனுக்கு பழக்கமில்ல. 2024 ஜூலை 1-ல இருந்து குற்ற வழக்கு நடைமுறைக்கு புதுச் சட்டம் வந்திருச்சே, அந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவுல, குத்தம் எந்த எல்லைல நடந்தாலும் தகவல வாங்கிக்கோணும், எஃப்.ஐ.ஆர். காப்பி காசு வாங்காம குடுக்கோணும்னு இருக்குது. பரீட்சைல கேட்டா பையன் கடகடன்னு ஒப்பிச்சிருப்பான், அப்புச்சி முன்னாடி நின்னப்ப வாய்ல வந்தது "லிமிட் இல்ல"தான்.

இது இன்னைக்கு நேத்து சமாச்சாரமுமில்ல. 1902-ல வெள்ளக்காரன் போட்ட ஃப்ரேசர் கமிஷனே போலீஸுக்கு பயிற்சில குறை, ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லன்னு எழுதி, காவலருங்களுக்குன்னு தனியா பள்ளிக்கூடம் வையுங்கன்னு சொன்னது. அதுக்கப்பறம் எவ்வளவோ மாறிப்போச்சுங்க. வேலூர் கோட்டைல நடந்த ஆபீஸர் ட்ரெயினிங் சென்னை அசோக் நகருக்கு போயி, இப்ப வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரில பெரிய அகாடமியே இருக்குது. 1973-ல 22 பேரோட ஆரம்பிச்ச பெண் போலீஸ் இன்னைக்கு இல்லாத ஸ்டேஷன் இல்ல. நம்மூர் 1918 ஹாமில்டன் கிளப் கட்டடத்த போலீஸ் மியூசியமாக்கி வெச்சிருக்கறீங்க, பேக்கரி லீவு விட்ட அன்னிக்கு புள்ளைங்கள கூட்டிட்டு போயி பாத்தேன், துப்பாக்கியெல்லாம் ஜோருதானுங்க.

கேக்கறது இத்தனையேதானுங்க. ட்ரெயினிங் முடிஞ்சு பாஸிங் அவுட் பரேடுக்கு முன்னாடி ஒரு வாரம், நெசமான ஆளுங்கள வெச்சு மேஜை ஒத்திகை பண்ணுங்க. காது மந்தமான ஆத்தா, தண்ணி போட்டுட்டு அழுகறவன், தமிழே தெரியாத திருப்பூர் பனியன் கம்பெனி வடக்கத்திப் பையன், இவங்க சொல்றதுல இருந்து ஒரு புகார எழுதி, அத அவங்களுக்கே படிச்சுக் காட்டோணும். சரியா வரலீன்னா மறுபடி. கால் தப்பா வெச்சா கிரவுண்ட சுத்த வெக்கறீங்கல்ல, அதே மாதிரி இதுக்கும் வெய்யுங்க.

ஆள் கெடைக்கலீன்னா எங்க அப்புச்சிய கூட்டிட்டு வர்றேன். ரெண்டு ஆடும் இன்னும் கெடைக்கல, அவரு மழைல இருந்துதான் ஆரம்பிப்பாரு. பசங்களுக்கு டீயும் தேங்கா பன்னும் என்ற செலவு.